"எதுக்கும் இருக்கட்டும்"

ஆசிரியர் அவர்களுக்கு,

மருந்துக்கு மசியாத கிருமி என்று பேச்சு வந்தாலே, சளிக்கும் காய்ச்சலுக்கும் தானே மாத்திரை வாங்கிப் போடுகிற நம்மைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். திட்டட்டும், தப்பு நம் மேலும் இருக்கிறது. ஐசியூ பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

போன வருஷம் அப்பா நிமோனியாவோடு ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் 19 நாள் கிடந்தார். முதல் நாளே மெரோபெனெம் என்கிற பலமான ஆன்டிபயாடிக்கை ஏற்றினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், செப்சிஸ், அதாவது தொற்றால் உடம்பே நிலைகுலைகிற ஆபத்து என்றால் எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருக்க முடியாது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்கிற கல்ச்சர் ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது, சாதாரண மருந்துக்கே கேட்கிற கிருமிதான். அன்றைக்கே சாதாரண மருந்துக்கு இறங்கியிருக்கலாம். ரிப்போர்ட் ஃபைலில் தூங்கியது, மெரோபெனெம் பத்தாம் நாள்வரை ஓடியது. கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும் சார்."

அப்புறம் வென்டிலேட்டர் குழாய்ச் சளியில் அசினட்டோபேக்டர் என்கிற இன்னொரு கிருமி. கொலிஸ்டினுக்கு மட்டும் கேட்டது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய அதே மருந்து. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியது, சிறுநீரகம் தடுமாறுகிறது என்பதற்கு அடையாளம். இந்தக் கிருமி மெரோபெனெமால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை, ஆனால் பலமான மருந்து மற்ற கிருமிகளையெல்லாம் கொன்று இதற்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கும் என்பது அவர்களுக்கே தெரிந்த விஷயம். காய்ந்த கட்டில் கம்பியில்கூட இது வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பக்கத்து பெட்டுக்கு சளி உறிஞ்சிவிட்டு அதே கையுறையோடு அப்பாவின் ட்ரிப்ஸைத் திருகிய நர்ஸை என் கண்ணால் பார்த்தேன். கால்மாட்டில் தொங்கிய சானிடைசர் புட்டி காலி. அந்தப் பெண்ணைத் திட்ட மனசு வரவில்லை, ராத்திரி டூட்டியில் ஐந்து பெட்டுக்கு ஒருத்தி.

ஆன்டிபயாடிக் கொள்கையும் தொற்றுத் தடுப்புக் குழுவும் வேண்டும் என்று மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிப் பிரகடனம் செய்தது 2012இல். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம், விற்றதைக் கடையில் பதிவேட்டில் எழுத வேண்டும் என்கிற மருந்துகளின் ஹெச்1 பட்டியல் 2014 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது, மெரோபெனெமும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கட்டுப்பாடு மருந்துக்கடைப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் கல்ச்சரைப் பார்த்துவிட்டு, இந்த மருந்து இன்னும் ஏன் என்று ஒரு வரி எழுதி டாக்டர் கையெழுத்துப் போடட்டும், ரிப்போர்ட் நகலைக் குடும்பத்துக்கும் கொடுக்கட்டும்.

நான் மூன்று தடவை கேட்டுத்தான் வாங்கினேன். பில்லைக் கேட்காமலே கொடுத்தார்கள், கையுறை மட்டும் 212 ஜோடி.

வாசகர்,
திருநெல்வேலி