ஃபார்மட் போடும் முன்: லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

லேப்டாப் சர்வீஸ் செய்யும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர், சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து சர்வீஸும் பார்ப்பவர் என எல்லோருக்கும்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று. அப்டேட் முடிந்து திரை கறுத்துப்போன லேப்டாப் உங்கள் மேசைக்கு வந்தால், முதல் வேலையாக ஃபார்மட் போடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, சின்னக் கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதிக் கொடுப்பவர். அப்டேட் ஓடி ரீஸ்டார்ட் ஆனதும் அவருடைய லேப்டாப்பில் கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும்தான் தெரிந்தன. கடையில் கொடுத்தார். சாயங்காலம் புது விண்டோஸோடு திரும்பி வந்தது. கடைக்காரர் நேர்மையானவர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃபார்மட் போட்டிருந்தார். ஆனால் டாலி பிரைமை நிறுவும்போது எதையும் மாற்றாமல் விட்டால், கணக்குகள் எல்லாம் சி டிரைவில் யூசர்ஸுக்குள் இருக்கும் பப்ளிக் ஃபோல்டரில்தான் போய் உட்காரும். அங்கே யாரும் பார்க்கவில்லை. அந்த அக்கா பழைய பில் கட்டுகளை எல்லாக் கடைகளிலும் திரும்பக் கேட்டு வாங்கி, முதலிலிருந்து எழுதினார். ஜிஎஸ்டி கெடு தேதி அதற்காகக் காத்திருக்கவில்லை.

மவுஸ் அம்பு தெரிந்தது என்றால் விண்டோஸ் உயிரோடுதான் இருந்தது. ஐகான்களையும் டாஸ்க்பாரையும் வரைந்து காட்டும் எக்ஸ்ப்ளோரர் மட்டும் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரரைக் கையால் ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதில் சரியாகாவிட்டாலும், அடுத்து என்ன என்று யோசிக்க அது ஒரு துப்பு கொடுத்திருக்கும்.

அம்புகூடத் தெரியவில்லையா? ஃபேன் சுற்றுகிறதா, கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால், திரையில் படம் வரவைக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி தொடங்கும். ஒரு பீப் சத்தமும் கேட்கும். எச்டிஎம்ஐ வயரில் வெளி மானிட்டரை மாட்டிப் பார்த்தால் குற்றம் திரையிலா டிரைவரிலா என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். இப்போதெல்லாம் கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டும் விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்தே வருகிறது. அது ஏறிக்கொண்டிருக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் மதர்போர்டுக்கே ஆபத்து. வாடிக்கையாளர் பதறினாலும் சார்ஜரை மாட்டி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள்.

அதன் பிறகும் அசையவில்லை என்றால்தான் அடுத்த கட்டம். விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனைப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வந்துவிடும். அங்கே கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் நீக்க வழி இருக்கிறது. அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து டிஸ்ப்ளே டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பவும் முடியும். விண்டோஸ் முன்பே பதிந்து வைத்த ரிஸ்டோர் பாயின்ட் இருந்தால் அதுவும் கைகொடுக்கும். பெரிய பதிப்பு அப்டேட் என்றால் முந்தைய விண்டோஸுக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. ஆகவே லேப்டாப்பை இரண்டு வாரம் அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. வந்தது நீலத் திரை. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய முடக்கத்துக்குச் சொல்லப்பட்ட மருந்து என்ன? சேஃப் மோடில் நுழைந்து, அந்த அப்டேட் கொண்டுவந்த ஒரு சின்னக் கோப்பை மட்டும் அழிப்பது. கோளாறைக் கொண்டுவந்தது எதுவோ அதை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விட்டார்கள். நான் உங்களிடம் கேட்பதும் இதைத்தான்.

அன்றைக்கு வேலையைத் தாமதப்படுத்திய இன்னொரு விஷயம், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் சாவி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 உடன் வரும் பல புது லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. சொந்தக்காரருக்கே அது தெரியாது. பயாஸ் மாறினாலோ, ரிப்பேர் திரைக்குள் போனாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பல கடைகளில் இந்த இடத்தில்தான் "லாக் ஆயிடுச்சு சார், ஃபார்மட்தான் வழி" என்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சாவி பெரும்பாலும் வாடிக்கையாளருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். அவருடைய போனிலேயே உள்நுழைந்து எடுத்துவிடலாம். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கணக்கு என்றால் அங்குள்ள ஐடி ஆட்களிடம் கேட்கலாம். சாவி இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எதுவும் படிக்காது. பூட்டிய டிஸ்க்கை ஃபார்மட் போட்டுவிட்டால் எந்த ரெக்கவரி மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

இதில் விற்பனைக் கடைகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புது லேப்டாப்பை முதன்முதலில் இயக்கிக் கொடுக்கும்போது அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, பாஸ்வேர்டைச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள். அப்போதே டிஸ்க் பூட்டிக்கொண்டிருந்தால் சாவி யாருக்கும் தெரியாத ஒரு கணக்கில் போய்க் கிடக்கும். வாங்குபவருடைய சொந்த மின்னஞ்சலிலேயே கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகுமா?

தமிழில் வேலை செய்பவர்கள் இழப்பது ஃபைல்களை மட்டுமல்ல. டிடிபி கடைகளிலும் சின்னப் பத்திரிகைகளிலும் இன்றும் பாமினி, வானவில் மாதிரி யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள் ஓடுகின்றன. ஃபைலைக் காப்பி எடுத்துவிட்டு ஃபான்ட் ஃபோல்டரை விட்டுவிட்டால், திறந்து பார்க்கும்போது பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர் சீசன் நேரத்தில் அந்த ஃபான்ட்டைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

மேலே சொன்னது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்ய முடியாமல் போவதற்குக் காரணம் கூலி என்றுதான் நினைக்கிறேன். ஃபார்மட்டுக்கு ஒரு ரேட் இருக்கிறது. வேலையும் எப்போது முடியும் என்று தெரியும். கோளாறைத் தேடிப் பார்ப்பதற்கு ரேட் கிடையாது. இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்து ஒரு டிரைவரைத் திருப்பிச் சரிசெய்தால், "ஒரு பட்டனைத் தட்டினதுக்கா இவ்வளவு?" என்று எங்களைப் போன்றவர்கள் பேரம் பேசுகிறோம். அது எங்கள் பக்கத் தப்பு. பார்ப்பதற்குத் தனிக் கட்டணம், தரவை எடுத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் என்று கடை முன்னால் எழுதியே வையுங்கள். ஃபார்மட்டுக்குக் கேட்பதைவிட இரண்டு மடங்கு கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆய்வேடு முடிக்கும் நிலையில் இருக்கிற மாணவியிடமும் பிள்ளையின் முதல் வருடப் படங்களை அந்த டிஸ்க்கில் மட்டும் வைத்திருக்கிற அப்பாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய மெஷின்களில் 11ஐ ஏற்றப் பார்ப்பவர்கள் நிறைய. பழைய கிராஃபிக்ஸ் டிரைவரோடு புது விண்டோஸ் ஒத்துப்போகாமல் திரை கறுக்கும் மெஷின்கள் இன்னும் உங்களிடம் வரும். எனவே இப்போதே உங்கள் பில் புத்தகத்தில் ஒரு வரி சேருங்கள்: "உள்ளே இருக்கும் தரவு வேண்டுமா? எந்தெந்த மென்பொருளில் வேலை செய்கிறீர்கள்?" டாலி, வானவில், ஆய்வேடு, போட்டோ என்று வாடிக்கையாளர் சொல்வதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். ஃபார்மட் போட்டே ஆக வேண்டும் என்றால் அவருக்குப் போன் செய்து, எதெல்லாம் எடுத்தாயிற்று, எதெல்லாம் போகும் என்று சொல்லி, அவர் சரி என்ற பிறகு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்