பெருங்களத்தூரின் காரை மறக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுக்கும் பலரும் அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு, சென்னையை அடுத்த பெருங்களத்தூரிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை மறந்துவிடுகிறார்கள்.

குடும்பத்தோடு ஏறி அமரவும், மழைநீர் தேங்கிய சாலையைக் கடக்கவும் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடருக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1089 சிசி பத்மினி ஓட்டுவதற்கு இலகுவானது. 948 சிசி எஞ்சினுடன் வந்த ஹெரால்டு, வேகத்தில் இவ்விரண்டிடமும் தோற்கும். எங்கள் வீட்டு வண்டியின் கதவுகள் மேடுபள்ளத்தில் கடகடக்கும்.

ஆயினும் என் ஓட்டு ஹெரால்டுக்கே. ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அந்த வண்டியை, மயிலாப்பூர் மாட வீதியில் தேர்க்கூட்டத்துக்கு நடுவே என் தந்தை ஒரே மூச்சில் திருப்பியதைப் பார்த்திருக்கிறேன். அதன் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும் என்பதால், அவர் முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து, பிளக்குகளை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்வார். (வேட்டியில் கிரீஸ் பட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.) வேறெந்தக் காரிலும் எஞ்சினை அவ்வளவு நெருக்கமாக நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.