தளம் போடும் நாளில் உபவாசம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை தொடங்கியதும் தென்மாவட்டத் திருச்சபைகளின் வாலிபர் குழுக்கள் தெலங்கானா, ஆந்திரப் பணித்தளங்களுக்குப் புறப்படும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலங்கானாவின் தோர்னக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பிய நாள்முதல் வரும் உறவு இது. இப்போது ஜெபக்கூடம், பள்ளி அறை கட்டிக் கொடுப்பதும் இதில் சேர்ந்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஆள் நிறைய இருக்கிறார்கள் என்பதற்காக, மே மாத வெயிலில் கூரைக்குக் கான்கிரீட் தளம் போடும் வேலையைப் பழக்கமில்லாத பிள்ளைகளின் கையில் கொடுப்பதைச் சபைகள் நிறுத்த வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 20க்கு 15 அடி அறைக்கு 5 அங்குலத் தளம் என்றால் 125 கன அடி கான்கிரீட். எடை எட்டரை டன். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவைக்கு 28 மூட்டை சிமென்ட் பிடிக்கும். கையால் கலந்தால் பத்து சதவீதம் கூட்டி 31 மூட்டை. ஒரு மூட்டைக் கலவையை உலர்வாக இரண்டு தரம், தண்ணீர் விட்டு இரண்டு தரம் புரட்டி, சட்டியில் அள்ளி மேலே ஏற்றக் கால் மணி நேரம் ஆகும். மொத்தம் ஏழு, எட்டு மணி நேரம். விடியற்காலை ஐந்துக்குத் தொடங்கினாலும் கடைசிப் பத்து மூட்டை பத்து மணிக்கு மேல்தான் விழும்.

தவறு நடப்பது அங்கேதான். கலவை வெயிலில் இறுகும், கை சோர்ந்திருக்கும், யாராவது இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால் கலவை இழுக்கச் சுலபமாக இருக்கும். காய்ந்தபின் தளம் துளைதுளையாக இருந்து நீர் கசிந்து உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஓய்வெடுக்கப் பாதியில் நிறுத்தினால், பழைய கலவையும் புதியதும் ஒட்டாத அந்தக் கோட்டில் முதல் மழையிலேயே ஒழுகும். மணலை, ஜல்லியைச் சட்டிக் கணக்கில் போடுவதும் ஆபத்து. ஒருவர் குவித்து அள்ளுவார், ஒருவர் தலைதட்டி அள்ளுவார். 30×30×39 செ.மீ. அளவில் பலகைப் பெட்டி செய்தால் சரியாக ஒரு மூட்டை சிமென்டின் அளவு, 35 லிட்டர் கொள்ளும். ஈர மணல் உப்பியிருக்கும் என்பதால் அதற்கேற்பக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.

ஒரு தடவைக்கு ஒரு மூட்டை கலக்கும் மிக்சர் இயந்திரமும், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரும் வாடகைக்கு எடுத்தால் இதே வேலை மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். பயணச் செலவில் முதலில் ஒதுக்க வேண்டியது அந்தப் பணத்தைத்தான். தளத்தை உள்ளூர் மேஸ்திரியும் ஆட்களும் கூலிக்குப் போடட்டும். வாலிபர்களுக்கு மணல் சலிப்பது, அஸ்திவாரம் தோண்டுவது, ஜல்லி சுமப்பது, வெள்ளையடிப்பது என்று வேலைக்குப் பஞ்சமில்லை.

அதையும் படிப்படியாகவே கொடுக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு; பிறகு தினமும் அதே அளவு கூட்டலாம். தெலங்கானாவின் வறண்ட வெயிலில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். இடையிடையே உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ வேண்டும். யாருக்காவது சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் அவரை நிழலில் உட்கார வையுங்கள். பேச்சு குழறினாலோ, நிதானம் தப்பினாலோ அது வெப்பத்தாக்கு. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஆயர்களிடம் ஒரு வேண்டுகோள். பல குழுக்களில் காரியம் நன்றாக முடிய வேண்டும் என்று தளம் போடும் நாளையே உபவாச ஜெப நாளாக வைக்கிறார்கள். வெறும் வயிற்றோடு, தண்ணீரும் குடிக்காமல் கலவை சுமப்பது உயிரோடு விளையாடுவது. உபவாசத்தை முந்தின வாரம், ஊரிலிருந்து கிளம்புமுன் வையுங்கள்.

ஈர சிமென்ட் தோலை அரிக்கும். கலவையில் முழங்கால் ஊன்றி மட்டப்பலகை இழுப்பவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் எரியும், புண்ணாகும். ரப்பர் பூட்சும் கையுறையும் அவசியம். கால்சட்டை நனைந்தால் உடனே கழற்றிவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்.

தளம் போட்ட மறுநாளே குழு ரயில் ஏறிவிடுகிறது. தண்ணீர் கட்ட ஆளில்லாமல் வெடித்த தளங்கள் ஏராளம். மறுநாளே தளத்தின் மேல் சிமென்ட் பாத்தி கட்டி, பத்து நாள் தண்ணீர் வற்றாமல் தேக்க வேண்டும். அதற்கு உள்ளூரில் ஒருவரை அமர்த்தி, பத்து நாள் கூலியைக் குழு கிளம்புமுன்பே கொடுத்துவிடுங்கள். பதினான்கு நாள் ஆகும்வரை தளத்தைத் தாங்கும் முட்டுகளில் கை வைக்கக் கூடாது என்று மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கட்டட வேலையில் உள்ள சபை உறுப்பினர்கள்,
பாளையங்கோட்டை