உம்லாசியிலிருந்து வரும் பிள்ளையும் நம் பள்ளிப் பிள்ளைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு முடிவு வந்தவுடன் தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளின் படங்களை ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். ஏழு பாடத்தில் ஏழு டிஸ்டிங்ஷன், ஒருத்தி மருத்துவம் படிக்கப் போகிறாள், ஒருவன் பொறியியல் படிக்கப் போகிறான் என்று. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இங்கே எத்தனையோ வீடுகளில் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளும் அதே வகுப்பறையில்தான் உட்கார்ந்து படித்தார்கள். அவர்களைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு, முக்கியமாக டர்பனில் படித்துவிட்டு இப்போது ஜோகன்னஸ்பர்க், லண்டன், டொராண்டோ, பெர்த் என்று போய்விட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் டர்பனில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். இங்குள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றில்தான் படித்தேன், இப்போது அதே பள்ளியின் சனிக்கிழமை வகுப்புகளுக்கு உதவி செய்கிறவர்களில் ஒருத்தி. பள்ளியின் பெயர் இங்கே முக்கியமில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஆகட்டும், ஃபீனிக்ஸில் ஆகட்டும், இந்தியர் குடியிருப்புப் பள்ளிகள் பலவற்றின் நிலைமை கிட்டத்தட்ட இதேதான்.

போன வருடம் எங்கள் பள்ளியில் கணிதத்தில் முதலாவதாக வந்த பையன் ஜூலு பையன். பக்கத்தில் ஜூலு மக்கள் வாழும் உம்லாசி குடியிருப்பிலிருந்து தினமும் டாக்ஸியில் வருகிறவன். (இங்கே டாக்ஸி என்றால் பத்துப் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும் வேன்.) விடிவதற்கு முன்னால் கிளம்பினால்தான் முதல் மணிக்கு வந்து சேர முடியும். பரிசளிப்பு நாளில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது மண்டபத்தில் அதிகமாகச் சத்தம் போட்டுக் கைதட்டியது அவனோடு படித்த நம் பிள்ளைகள்தான், அவன் பாட்டி எழுந்து நின்று குலவை போட்டார், எங்கள் பக்கத்து வரிசையில் இருந்த தமிழ்ப் பாட்டி ஒருவரும் கூடவே எழுந்து நின்றார். அவன் படம் எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவில்லை. அவன் தமிழன் இல்லை என்பது சரி. ஆனால் அவன் வந்தது நம் பள்ளியிலிருந்து இல்லையா?

எங்கள் வகுப்புகளில் இப்போது பாதிக்கு மேல் ஜூலு பேசும் பிள்ளைகள். தெற்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் உம்லாசி, மேற்கே வெல்பெடாக்ட், நடுவில் ஆங்காங்கே தகரக் குடிசைப் பகுதிகள், இங்கிருந்தெல்லாம் வருகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் சிலர் சொல்லும் வார்த்தை எனக்கு ரொம்ப வலிக்கிறது: "அது இப்போ நம்ம ஸ்கூல் இல்லைம்மா." பழைய மாணவர் சங்கத்துக்காகப் பணம் கேட்டுப் போனால் இதைத்தான் சொல்கிறார்கள். நல்லவர்கள்தான், கோயிலுக்கு வாரிக் கொடுப்பவர்கள், அன்னதானம் என்றால் முன்னால் நிற்பவர்கள். பள்ளி என்றால் மட்டும் கை பின்னால் போய்விடுகிறது.

அவர்களுக்கு நான் நினைவுபடுத்த விரும்புவது நம் சொந்தக் கதையைத்தான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களுக்குக் கரும்புத் தோட்டம் காத்திருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் பல காலத்துக்கு, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றால் ஊர்க்காரர்களே குழு அமைத்து, நிலம் தேடி, கட்டடச் செலவில் பாதியைத் திரட்ட வேண்டும், அதன் பிறகுதான் அரசு மீதியைக் கொடுக்கும். கூலி வாங்கியவர்கள், காய்கறி விற்றவர்கள் எல்லாம் சில்லறை சில்லறையாகப் போட்டுக் கட்டிய பள்ளிகள் அவை. உயர்நிலைக் கல்விக்கென்று சாஸ்திரி கல்லூரி டர்பனில் வந்ததே 1929-ல்தான். கப்பல் வந்து கிட்டத்தட்ட எழுபது வருடம் கழித்து! இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளி நடந்த காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

என் தாத்தா மேகசின் பாரக்ஸில் இருந்தவர். நகராட்சித் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமாக நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம் அது. 1950-ல் எந்த இனத்தார் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது, அறுபதுகளில் அங்கிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். இங்கே பள்ளிக் கட்டடங்களை அரசு கட்டியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பள்ளி மண்டபத்தை அரசு கட்டவில்லை. பெரிய பெரிய டேக்சாவில் பிரியாணி போட்டு, டிக்கெட் விற்று, அம்மாக்களும் ஆண்ட்டிகளும் விடிய விடிய வெங்காயம் உரித்து, அந்தக் காசில் எழும்பிய மண்டபம் அது. நிறத்தைக் காரணம் சொல்லிப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னொருத்தர் பிள்ளை உள்ளே வந்துவிட்டது என்பதற்காக நாம் வெளியே போவது எப்படி நியாயமாகும்? எனக்குப் புரியவில்லை.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அரசுப் பள்ளிதானே, அரசு பார்த்துக்கொள்ளும்" என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இங்கே பொதுப் பள்ளிகளை ஐந்து படிநிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் மூன்று படிநிலைகளுக்குக் கட்டணம் கிடையாது, அரசு மானியம் அதிகம், மதிய உணவுத் திட்டமும் பெரும்பாலும் அவற்றுக்குத்தான். மேல் இரண்டு படிநிலைப் பள்ளிகள் கட்டணம் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும். இந்தப் பிரிவினை எதை வைத்து என்றால், பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வசதியை வைத்து. படிக்கும் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் கல் வீடும் காரும் இருப்பதால் எங்கள் பள்ளி மேல் படிநிலையில் இருக்கிறது, உள்ளே பாதிப் பிள்ளைகள் பாட்டியின் உதவித்தொகையில் வாழும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். கட்டணம் கட்டவில்லை என்று பிள்ளையை வெளியே அனுப்பவோ ரிப்போர்ட்டைப் பிடித்து வைக்கவோ 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி முடியாது, அது முழுக்கச் சரியான சட்டம். ஆனால் அந்தப் பணம் வராதபோது கூடுதல் ஆசிரியருக்குச் சம்பளம், மின் கட்டணம், காவலாளி, உடைந்த ஜன்னல் என்று எல்லாவற்றுக்கும் நிர்வாகக் குழுவில் இருக்கும் பெற்றோர்தான் வழி தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஐந்து ராண்டு கொடுத்துவிட்டுச் சீருடை இல்லாமல் வரும் நாள், கேக் விற்பனை, நடைப்பயணம், மறுபடியும் பிரியாணி. பசியோடு வரும் பிள்ளைகளுக்காகச் சில ஆண்ட்டிகள் வீட்டிலிருந்தே ரொட்டியும் பீன்ஸ் கறியும் கொண்டுவருகிறார்கள், யாருக்கு வேண்டும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும், சத்தமில்லாமல் கொடுத்துவிடுவார்கள்.

இனி அந்த மதிப்பெண் விஷயம். 2024 மெட்ரிக் வகுப்பில் நாடு முழுக்க 87.3 சதவீதம் தேர்ச்சி என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். தேர்ச்சி என்றால் என்ன தெரியுமா? வீட்டு மொழி என்று எடுக்கும் முதல் மொழிப் பாடத்தில் 40, இன்னும் இரண்டு பாடத்தில் 40, மூன்று பாடத்தில் 30 எடுத்தால் போதும். பட்டப்படிப்புக்குத் தகுதி வேண்டுமானால் குறைந்தது நான்கு பாடத்தில் 50 எடுக்க வேண்டும். அந்த எண்ணிக்கைதான் எனக்கு முக்கியம். கணிதம் எடுத்தார்களா, கணித எழுத்தறிவு என்ற சுலபமான பாடத்தை எடுத்தார்களா என்பதும் முக்கியம், ஏனென்றால் இரண்டாவதை வைத்துக்கொண்டு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போக முடியாது. பத்தாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டுக்கு வராமலே நின்றுவிட்ட பிள்ளைகள் இந்த சதவீதக் கணக்கில் எங்கேயும் இல்லை. நூறு சதவீதம் காட்ட வேண்டும் என்று சுமாராகப் படிக்கும் பிள்ளையைக் கணிதத்திலிருந்து தள்ளிவிடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, நாற்பத்தைந்து வாங்கினாலும் கணிதத்திலேயே நின்று பார்க்கட்டும் என்று சொல்கிற ஆசிரியர் எங்கள் பள்ளியில் இருக்கிறார், அவரை நான் கும்பிடுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் பள்ளியில் ஆங்கிலம்தான் வீட்டு மொழிப் பாடம். வீட்டில் ஜூலு மட்டும் பேசும் பிள்ளை, ஆங்கிலமே பேசி வளர்ந்த நம் பிள்ளை எழுதும் அதே தாளை எழுதுகிறது, அதில் டிஸ்டிங்ஷனும் வாங்குகிறது. அதாவது 80 அல்லது அதற்கு மேல். மின்வெட்டுக் காலத்தில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு படித்து, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடே போன பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். இதை நீங்கள் சாதனைப் பக்கத்தில் போடாவிட்டால் வேறு எதைப் போடுவீர்கள்?

நம் பிள்ளைகளுக்கும் இதில் லாபம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. என் தலைமுறையில் ஜூலு தெரியாமலே டர்பனில் வாழ்ந்து முடித்தவர்கள் அதிகம். இப்போது என் அக்கா மகள் ஆஃப்ரிகான்ஸ் வேண்டாம் என்று ஜூலு பாடம் எடுத்திருக்கிறாள், வகுப்புத் தோழி வீட்டுக்குப் போய் அவள் பாட்டியோடு உட்கார்ந்து பேசுகிறாள். செப்டம்பர் 24 பாரம்பரிய நாள் விழாவில் நம் பிள்ளைகள் காலைத் தூக்கி ஜூலு ஆட்டம் ஆடினார்கள், ஜூலுப் பெண்கள் சேலை கட்டிக்கொண்டு கோலாட்டம் ஆடினார்கள், பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. தைப்பூசக் காவடிக்கு வகுப்பு நண்பனுக்குத் துணையாக உம்லாசிப் பையன்கள் கூடவே நடந்து வருவதைக் கோயிலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தமிழைப் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் இப்போது தமிழ்ப் பாடம் இல்லை, கோயில் வகுப்பில்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழும் மதிக்கப்பட வேண்டும் என்று நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறது, அதனால் பள்ளிக்குள் தமிழ் திரும்ப வர வேண்டும் என்று நானும் போராடுகிறேன். ஆனால் பள்ளியை விட்டு விலகி நின்றுகொண்டு பள்ளிக்குள் தமிழ் வேண்டும் என்று கேட்டால் யார் காதில் விழும்?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு. பணம் மட்டும் இல்லை. கணிதமும் இயற்பியலும் தெரிந்தவர்கள் ஒரு சனிக்கிழமை காலை வந்தால் போதும், தூரத்தில் இருப்பவர்கள் வீடியோவில் சொல்லிக் கொடுக்கலாம். பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலே எத்தனையோ நல்ல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். எங்கள் மாகாணத்தில் அதற்கு சி.ஏ.ஓ. என்ற பொது அலுவலகம் இருக்கிறது, அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் கிடைக்கும். இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் விண்ணப்பக் கட்டணத்தையோ டாக்ஸிக் காசையோ ஒருவர் ஏற்றுக்கொண்டால்கூடப் பெரிய உதவி.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த ஜனவரியில் படப் பக்கம் தயாரிக்கும்போது தமிழ்ப் பெயர்களை மட்டும் பொறுக்காமல், ஏதாவது ஒரு பள்ளியின் மெட்ரிக் வகுப்பு முழுவதையும் ஒரே படமாகப் போடுங்கள், ஆசிரியர்களையும் சேர்த்து. படம் எடுத்து அனுப்ப நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.