ஐப்பசி மழைக்குள் ஓடு மாற்ற வேண்டும்

ஊர்க்காரர்களுக்கும், வெளியூரில் வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

பங்காளிகளுக்குப் பொதுவான நம் மேலத்தெருச் செட்டிநாட்டு வீட்டின் கூரையைச் சரிசெய்யப் பணம் திரட்டுகிறோம். அந்த வீட்டுக்கு விலை பேச ஆள் வந்து போனது சிலருக்குத் தெரிந்திருக்கும். வந்தவர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை இழுத்து முகப்பு நிலையை அளந்தார், தூணைத் தட்டி பர்மா தேக்குதான் என்று உறுதி செய்துகொண்டார், நிலையில் இருக்கும் கஜலட்சுமிக்குத் தனி விலை சொன்னார். இப்படி வாங்கிய வீடுகளிலிருந்து பிரித்த கதவும் தூணும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விலைக்கு நிற்கின்றன.

விற்கலாம் என்று சொல்லும் பங்காளிகளைக் குறை சொல்ல மாட்டோம். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில் கட்டிய வீடு. 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் அந்த வருமானம் போயிற்று. பங்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பெருகிற்று. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும், ஓர் அறை; அறைக்கு ஒரு சாவி. சில சாவிகள் கோலாலம்பூரில் இருக்கின்றன. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு ஒரு நாள் வந்து போகிறவரிடம் ஒழுகுகிற கூரைக்குச் செலவு கேட்டால் அவர்தான் என்ன சொல்வார்?

வீடு ஒன்றும் கெட்டுவிடவில்லை. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவரில் கை வைத்தால் இன்னும் வழுவழுவென்று குளிர்கிறது. தரைக்குப் போட்ட ஆத்தங்குடிக் கல்லில் நாலைந்துதான் உடைசல். புதிதாக வார்த்துத் தர ஆத்தங்குடியிலேயே ஆள் உண்டு. பாடாய்ப் படுத்துவது கூரைதான். நாட்டு ஓட்டை அவ்வப்போது பிரித்து அடுக்க வேண்டும். பத்து வருஷமாக யாரும் மேலே ஏறவில்லை. இரண்டாம் கட்டில் கைமரங்கள் நனைந்து இற்றுப்போய், மேலே வானம் தெரிகிறது. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். சரி, சந்தோஷம். பட்டியல் வந்து ஓடு மாற்றப் போவதில்லையே.

சேரும் பணத்தில் முதல் செலவு கூரைக்கு. அப்புறம், பணமுடையால் விற்க நினைப்பவர்களின் பங்கை வாங்குவோம். அதைத் தனி ஆள் பெயரில் பதிய மாட்டோம், பொது அறக்கட்டளை பெயரில்தான். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வீடு எப்போதும்போல் திறந்திருக்கும். மற்ற நாளில் முகப்பில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம் என்று எண்ணம்.

500 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. மாதாமாதம் கணக்கைப் பிள்ளையார் கோவில் பலகையில் எழுதிப் போடுவோம். கொல்லையில் பழைய நாட்டு ஓடு அடுக்கி வைத்திருப்பவர்கள் சொல்லி அனுப்புங்கள், வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறோம்; அந்த ஓடு இப்போது காசு கொடுத்தாலும் லேசில் கிடைப்பதில்லை.

ஆவணி பிறந்ததும் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டுப் பங்காளிகள் பணத்தோடு சாவியையும் அனுப்பி வையுங்கள். உங்கள் அறையின் கூரையும் ஒழுகுகிறது.

இப்படிக்கு,
வீடு பாதுகாப்புக் குழு