ஆலையின் வண்டிப்பாதையைத் திறந்துவிடுங்கள்: ஆற்றங்கரை நடைபாதைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆற்றங்கரை நடைபாதை நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நீர்ச்சக்கரத்தால் மாவரைக்கும் இரண்டாவது ஆலையருகே உள்ள, சக்கர நாற்காலி இறங்க முடியாத படிக்கட்டைப் பற்றி இதற்குமுன் மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். பின்னணி உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதை மறுபடியும் விரிக்கப் போவதில்லை. முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு, நிலத்தின் அமைப்பு இடம் தராததாலும் படிகள் புராதனச் சின்னத்தின் பகுதி என்பதாலும் எதுவும் செய்ய இயலாது என்று இரண்டு வரிகளில் பதில் வந்தது. அத்துடன் விட்டிருப்பேன், சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது விடவில்லை.

அன்று என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தேன். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து என் மனைவி உடன் வந்தார். ஆறு வயது மகள் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். முதல் ஆலையிலிருந்து இரண்டாவது ஆலைவரை நாற்காலி தடையின்றி உருண்டது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன், ஆனால் அந்த நன்றியில் பெரும்பங்கு வாய்க்கால் வெட்டிய பழைய ஆட்களுக்கே சேரும். ஆற்றின் மேற்பகுதியில் சிற்றணை கட்டித் தண்ணீரைத் திருப்பிய அவர்கள், கிடைத்த உயரத்தை வழியில் இழந்துவிடாமல், கண்ணுக்குத் தெரியாத சரிவில் வாய்க்காலைக் கொண்டுவந்து, சேமித்த உயரம் முழுவதையும் ஆலைச் சக்கரத்தின் தலைமேல் ஒரே இடத்தில் இறக்கினார்கள். உங்கள் நடைபாதை அந்த வாய்க்காலின் கரைதான். மட்டமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? மேலிருந்து விழும் நீரால் சுழலும் சக்கரம், அடியில் ஓடும் நீர் தள்ளும் சக்கரத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு வேலை செய்யும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து 1759இல் அறிவித்ததை உங்கள் தகவல் பலகையே அழகாக விளக்குகிறது. அந்தப் பலகையை ஒட்டித்தான் உங்கள் 18 படிகள் தொடங்குகின்றன. தண்ணீர் இறங்கும் அதே உயரத்தை மனிதர்கள் அந்தப் படிகளில் இறங்க வேண்டும்.

அம்மா இறங்க முடியவில்லை. அங்கே நின்றிருந்த இளைஞர்கள் மூவர், நாற்காலியோடு தூக்கிச் செல்வதாக முன்வந்தார்கள். "வேண்டாம்ப்பா, நான் மூட்டை இல்லை" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவர் சிரித்ததால் நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

படிக்கட்டுக்கு இடப்பக்கம், ஆலையைச் சுற்றி வளைந்து இறங்கும் பழைய வண்டிப்பாதை இருக்கிறது. அதன் வாயிலில் இரும்புக் கதவு; கதவில் பூட்டு. காவலரிடம் கேட்டேன். அனுமதிச் சீட்டு ஒட்டிய வாகனங்களுக்கு மட்டுமே திறக்கச் சொல்லியிருக்கிறார்கள், மன்னியுங்கள் என்றார். உண்மையாகவே வருந்தித்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாங்கள் அங்கே நின்றிருந்தபோதே ஒரு கார் வந்தது. பூட்டு திறந்தது, கார் இறங்கியது, பூட்டு மறுபடியும் விழுந்தது. அம்மாவின் நாற்காலிக்கும் நான்கு சக்கரங்கள் உண்டு. கண்ணாடி இல்லாததால் சீட்டை எங்கே ஒட்டுவது என்றுதான் தெரியவில்லை.

என் மனைவியும் அங்கேயே தள்ளுவண்டியோடு நின்றுகொள்ள, நான் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு கீழே சென்றேன். சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது, உள்ளே மரப்பல் சக்கரங்கள் ஒன்றையொன்று பற்றித் திரும்ப, அடிக்கல் அசையாதிருக்க மேற்கல் மட்டும் சுழன்று தானியத்தை அரைத்தது. ஆலைக்காரர் என் மகளின் உள்ளங்கையில் கொஞ்சம் மாவு வைத்தார். அதை அவள் சிந்தாமல் 18 படிகளும் ஏறிக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் நீட்டினாள். இளமையில் திரிகை சுற்றிய கை அது. மாவை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்த அம்மா, "சூடாக இருக்கிறதே, கல்லைக் கொத்தி நாளாகியிருக்கும்" என்றார். கல்லின் வரிப்பள்ளங்கள் மழுங்கினால் மாவு சூடேறும் என்பது ஆலைக்காரருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் இந்தக் குறிப்பை அவரிடம் சேர்த்துவிடுங்கள். ஆலையைப் பற்றி உருப்படியாக ஒரு சொல் சொல்லக்கூடிய பார்வையாளர் அன்று மேலே வெயிலில் உட்கார்ந்திருந்தார், சக்கரத்தின் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே: அந்த வண்டிப்பாதையின் கதவைத் திறந்துவிடுங்கள். புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை, மின்தூக்கி கேட்கவில்லை, ஒரு கல்லையும் பெயர்க்கச் சொல்லவில்லை.

நிலத்தின் அமைப்பு இடம் தரவில்லை என்கிறீர்கள். மறுநாள் அளவு நாடாவோடு வந்து கீழிருந்து அளந்து பார்த்தேன். இறக்கம் ஏறக்குறைய 3 மீட்டர். வண்டிப்பாதையின் நீளம் 50 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதைக்குப் பல நாடுகளின் விதிகள் ஒப்புக்கொள்ளும் உச்ச அளவு, 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம். உங்கள் பாதையில் 16 அடிக்கு 1 அடி. இது எனக்கு வியப்பாக இல்லை. ஆலைக்குத் தானியம் பறந்து வரவில்லை, வண்டியில் வந்தது. மூட்டையை மேல்மாடிக்கு ஏற்றுவதற்குக்கூட மனித முதுகை நம்பாமல் அதே நீர்ச்சக்கரத்தின் விசையால் இழுக்கும் சங்கிலியைப் பொருத்தி வைத்தவர்கள், வாசலுக்கு வரும் மூட்டையை 18 படிகளில் சுமந்து இறக்கச் சொல்லியிருப்பார்களா? ஆலையின் உள்ளே நீங்களே மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தில் படிக்கட்டே இல்லை, வண்டிப்பாதைதான் இருக்கிறது.

படிகளின் புராதனத்தைப் பற்றியும் ஒரு சொல். அவை சிமெண்ட்டுக் கலவையில் வார்த்தவை. கைப்பிடி, குழாய்க் கம்பி. சீரமைப்பின்போது அவை வார்க்கப்பட்டதை இந்தக் கரையில் நடப்பவர்கள் எல்லோருமே பார்த்தோம். அதாவது நேற்று வந்த படிகள் புராதனச் சின்னமாகிவிட்டன. ஆலையோடு பிறந்த பாதை கார் நிறுத்துமிடமாகிவிட்டது.

2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்பதை அவர்களின் உரிமையாகவே சொல்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை, உங்கள் நுழைவாயில் பலகையே போதும். "குடும்பத்தோடு வாருங்கள்" என்ற எழுத்துக்குக் கீழே தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் ஒரு குழந்தை என்று வண்ணப்படம் வரைந்திருக்கிறீர்கள். படத்தில் உள்ள பாட்டிக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது போலும். அந்தத் தள்ளுவண்டிக்கு இறக்கை முளைக்கும் என்று ஓவியர் நம்பியிருக்கலாம். உளுத்துப்போன சக்கரப் பல் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மரத்தைத் தேடிப் பிடித்துச் செதுக்கி வைக்க முடிந்த ஒரு குழுவுக்கு, ஒரு சாவியைத் திருப்புவது மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பணியாகத் தோன்றுகிறது என்று விளங்கவில்லை. ஆட்கள் வராத இடத்தில் சக்கரம் யாருக்காகச் சுற்றுகிறது என்றுகூட எழுதத் தோன்றுகிறது. கோபம் எல்லை மீறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சீரமைப்பு வேலையை மெச்சுபவர்களில் நானும் ஒருவன். மெச்சுவதால்தான் அம்மாவை அழைத்து வந்தேன்.

கார்களும் நாற்காலிகளும் ஒரே பாதையில் போனால் ஆபத்து என்று நீங்கள் கருதினால், அது நியாயமான கவலை. அதற்கும் வழி இருக்கிறது. பார்வையாளர் நேரத்தில் கார்களை மேலேயே நிறுத்திவிட்டு, அலுவலர்களும் விருந்தினர்களும் அந்த 18 படிகளில் இறங்கி வரலாம். புராதனச் சின்னம் அல்லவா, அவர்களும் அனுபவிக்கட்டும். அதுவும் கடினம் என்றால், காலையில் இரண்டு மணி நேரமாவது கதவைத் திறந்து வைத்து, அந்த நேரத்தைப் பலகையில் எழுதிவிடுங்கள். எதுவுமே முடியாதென்றால், பலகையில் உள்ள பாட்டியின் படத்தை மட்டுமாவது அழித்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் ஆறு பெருகினால் சக்கரத்திலிருந்து விழும் நீர் வெளியேறும் கீழ்வாய்க்காலில் வெள்ளம் ஏறிச் சக்கரத்தின் அடிப்பகுதியை முட்டும் என்பதால், அந்த மாதங்களில் மதகை அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடுவீர்கள் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளே இருக்கின்றன. எந்த ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று அம்மா கேட்கிறார். தயவுசெய்து ஒரு தேதியைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நடைபாதையில் வாரந்தோறும் நடப்பவன்