முருகைக்கல் கோட்டையும் கல்வேலியும்

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, நீ மறுபடியும் உன் கையாலேயே எழுதத் தொடங்கியிருப்பதைக் கண்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். இங்கே நாங்கள் சுகம். ஆகஸ்ட் விடுமுறைக்கு மகளும் பேரப்பிள்ளைகளும் கொழும்பிலிருந்து வந்திருந்தபடியால், எல்லோருமாக ஒருநாள் நெடுந்தீவுக்குப் போய்வந்தோம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வாழ்நாளைக் கழித்த உன்னிடம் அங்கே கண்டவற்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குள் நுழைந்து, வேலணை கடந்து, புங்குடுதீவின் மறுகரையான குறிகட்டுவானில் படகேறினோம். சோளகக் காற்று இன்னும் ஓயாததால் படகு நன்றாகவே ஆடியது; ஒரு மணிநேரமளவு எடுக்கும் அந்தப் பயணம் எனக்கு நீண்டதாகத் தோன்றினாலும், பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டமாக இருந்தது. மாவிலித்துறையில் இறங்கியதும் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றோம். மூத்த பேத்தி என்ன நடந்ததென்று கேட்டாள். மகள் எதையும் மறைக்காமல், அந்த வயதுக்குத் தாங்கக்கூடிய சொற்களில் சொன்னாள். அவள் அப்படிச் செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

கோட்டை கரையோரமாகவே இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறியதாகச் சொல்லப்படும் கட்டடம். நம் யாழ்ப்பாணக் கோட்டையைப் போல அகழியும் ஐந்து கொத்தளங்களும் கொண்ட பெரும் அரணை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். இது இரண்டு தட்டுகளாக எழுப்பப்பட்ட, தடித்த சுவர்களையுடைய ஒரு காவல் வீடு என்றே சொல்லவேண்டும். கூரை இல்லை, மேல்தட்டின் தளமும் இல்லை. ஆனால் சுவருக்கு அருகே போய்ப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. முழுவதும் முருகைக்கல். காரை உதிர்ந்த இடங்களில், ஒருகாலத்தில் உயிரோடு கடலடியில் வளர்ந்த பவளப்பூச்சிகளின் கண்ணறைகள் தேன்கூட்டைப்போல அப்படியே தெரிகின்றன. கல்லைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சாந்துக்குரிய சுண்ணாம்பும் அதே முருகைக்கல்லைச் சுட்டு எடுத்ததுதான் என்று நான் சொன்னபோது, சின்னவன் அந்தக் கண்ணறைகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து தீவின் உட்பகுதிக்கு நடந்தோம். வழிநெடுக இருபுறமும் கல்வேலிகள். சாந்து ஏதுமின்றி, கல்லின்மேல் கல்லைப் பொருத்தி அடுக்கிய அந்த வேலிகளும் கோட்டையைக் கட்டிய அதே முருகைக்கல்லால் ஆனவை. கோட்டையை நூறு பேர் படம்பிடிக்கிறார்கள், வேலியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கோட்டையின் சுவரைப் பிளந்து மரவேர்கள் இறங்கிக்கொண்டிருக்க, வேலி நிமிர்ந்து நிற்கிறது. காரணம் எளியது. ஆடுமாடு வளவுக்குள் புகாமலிருக்க வேலி வேண்டும். ஆகவே ஒரு கல் சரிந்தால் வீட்டுக்காரர் அன்றைக்கே எடுத்து வைக்கிறார். கோட்டைக்கு அப்படி ஒருவர் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டதை நாம் இருவரும் பார்த்தோம். இந்தச் சிறிய கோட்டைக்கு அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை: சுவரில் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் மாரிக்குப் பின் களைந்து, பிளவுகளைச் சிமெந்தால் அல்லாமல் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தாலே இன்னும் பல தலைமுறை நிற்கும். முருகைக்கல்லோடு சிமெந்து ஒத்துப்போகாது; உப்பும் ஈரமும் வெளியேற வழியின்றிக் கல்லையே உதிர்த்துவிடும். இந்த வேலையை அவ்வூரவர்களிடமே ஒப்படைத்துக் கூலியும் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கல்லின் குணம் அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இனி உனக்குரிய செய்தி. ஆறும் இல்லாத, மண்ணும் ஆழமில்லாத அந்தச் சுண்ணக்கல் தீவில் சாரப்பிட்டிக் கிணறுகளின் நீர் நன்னீராக இருக்கிறது. சுற்றிவரக் கடலிருக்க, மழைநீர் பாறையின் இடுக்குகளால் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குவதையும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழுந்துவிடும் என்பதையும் நீதான் முன்னொருமுறை எனக்கு விளக்கினாய். அதைக் கண்ணால் காண அதைவிடச் சிறந்த இடம் இல்லை. எங்களோடு வந்த முச்சக்கரவண்டிக்காரர், தீவின் மற்றப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பல கோடையில் உவர்த்துவிடுவதாகச் சொன்னார். கையால் அள்ளுவது குறைந்து இயந்திரத்தால் இறைப்பது கூடிவந்தால் சாரப்பிட்டிக்கும் அந்தக் கதி வருமா? நீ பதில் எழுதவேண்டும்.

தென்புற வெளியில்தான் மட்டக்குதிரைகளைக் கண்டோம். ஐரோப்பியர் வளர்ப்புக்காகக் கொண்டுவந்து, பின் கைவிட்ட குதிரைகளின் வழிவந்தவை. தரவைப் புல் காய்ந்து, குட்டைகள் வற்றி வெடித்திருந்தன. ஒரு தாய்க்குதிரையின் விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. அந்தப் பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அது நல்ல செய்தி. ஆனால் பூங்கா என்ற பெயரால் குதிரையின் தாகம் தீராது. வறட்சி மாதங்களில் தொட்டிகளில் தண்ணீர் தவறாமல் நிரப்பப்படவேண்டும். புறாக்கூட்டையும், உள்ளே ஆட்கள் நுழைந்து நிற்கக்கூடிய பெருக்குமரத்தையும் திரும்பும் அவசரத்தில்தான் பார்த்தோம். பிற்பகல் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேயே தங்கவேண்டியிருக்கும்.

உண்மையில் தங்கத்தான் வேண்டும். ஒருநாளில் ஓடி ஓடிப் பார்க்கும் தீவு அல்ல அது. நீ மாசியில் வா. மாரி முடிந்து தரவை பச்சையாக இருக்கும், வாடைக் காற்றும் தணிந்திருக்கும். குடிதண்ணீரை இங்கிருந்தே கொண்டுபோவோம், அவர்களுடைய நீரில் பங்கு கேட்க வேண்டாம். அதற்கு முன், புளியந்தீவில் உன் வீட்டுக்கு அண்மையிலிருக்கும் மட்டக்களப்புக் கோட்டைக்கு ஒருமுறை போய், வாவியைப் பார்த்த சுவர் எந்தக் கல்லால் கட்டப்பட்டிருக்கிறது, இப்போது எந்தச் சாந்தால் பூசுகிறார்கள் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்